மூணு மாச ஹாஸ்டலில் வெந்நீர்

கோயமுத்தூரில் கணபதிக்குப் போகிற வழியில் ஒரு பெண்கள் விடுதி இருந்தது. அதன் பலகையில் எழுதியிருந்த பெயர் அங்கே தங்கியிருந்தவர்களுக்கே சட்டென்று ஞாபகம் வராது, ஆட்டோக்காரரிடம் ‘மூணு மாச ஹாஸ்டல்’ என்றால்தான் வண்டி நகரும், ஏனென்றால் அங்கே இருந்த இருபத்திரண்டு பெண்களில் ஒருத்திக்குக்கூட நிரந்தரமான வேலை என்று ஒன்று கிடையாது. ஒருத்தி சமையல் வீடியோக்களுக்கு அடியில் ஓடுகிற எழுத்துகளை எழுதினாள், ஒருத்தி பள்ளிக்கூடப் பாடங்களுக்குப் படம் வரைந்தாள், ஒருத்தி எங்கோ அமெரிக்காவில் ஒரு டாக்டர் மூக்கால் பேசியதைக் காதில் வாங்கி டைப் அடித்தாள், எல்லாம் காண்ட்ராக்ட், எல்லாம் மூணு மாசம், மிஞ்சிப்போனால் ஆறு. ஆகவே எந்த நாளில் நீங்கள் உள்ளே நுழைந்தாலும் யாராவது ஒருத்தி இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருப்பாள், கல்யாண வீட்டில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருத்தி தலைவாரிக்கொண்டிருப்பதுபோல.

அவர்களைத் தயார்செய்து அனுப்பியவள் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி, முப்பத்தாறு வயது, மோட்டார் பம்பு வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போடுவோமே, அதை எழுதுகிறவள். அவள் எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கூட ஒயரை மாற்றி மாட்டமாட்டார், அப்படி ஒரு கை. அந்தக் கைக்குப் பதினோரு மாதமாக வேலை இல்லை. தை பிறப்பதற்குள் ஏதாவது அமையவில்லை என்றால் கோவில்பட்டிக்குத் தம்பி வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்று பேச்சு, தம்பி பெண்டாட்டி மாடியில் அரிசி மூட்டை கிடந்த அறையை இப்போதே ஒழித்துவைத்துவிட்டு, வாராவாரம் போன் போட்டு, “மதினி, ஃபேன் மாட்டியாச்சு, எப்ப வாரீய?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டால் பிறகு எழுந்திருக்கவே முடியாது என்று செண்பகவல்லிக்குத் தெரியும்.

சாயங்காலம் நாலரைக்கு டீ வந்ததும் அவள் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவாள். “இன்னைக்கு நான் டிராவல்ஸ் கம்பெனி” என்பாள், இல்லாவிட்டால், “இன்னைக்கு நான் பெங்களூர்க்காரன், கேமராவை அணைச்சுப்போட்டுப் பேசுவேன், மூஞ்சி தெரியாது, பயப்படாத” என்பாள். சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் நிஜமாகவே ஒரு கம்பெனி ஆகிவிடும், எதிரே உட்கார்ந்தவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

“வேலை கேட்டு வந்திருக்கேன்னு சொல்லாதட்டி. கேட்டு வந்தா அது பிச்சை. உங்க வேலையை முடிச்சுக் குடுக்க வந்திருக்கேன்னு சொல்லு” என்பாள்.

“ரேட்டைச் சொன்ன உடனே வாயை மூடு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் நீயே குறைச்சிருவ. மனசுக்குள்ள இருபது எண்ணு” என்பாள்.

“வேலை இல்லாத நாலு மாசம் என்ன பண்ணினேன்னு கேப்பான். ‘சும்மா’ங்கிற சொல்லு உன் வாயில வரப்படாது, ஆமா” என்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய விதி இருந்தது. “அப்புறம்னு ஒரு வார்த்தை இருக்குல்லா, அம்மாவுக்குப் போன் போட்டா அப்புறம், அப்புறம்னு இழுப்பீங்கள்ல, அதைச் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள போங்க. இந்த மூணு மாசம் முடிஞ்சா அப்புறம் என்ன, இங்கயே எனக்கு ஏதாவது கிடைக்குமான்னு ஒருத்தி பேச்செடுத்தா அன்னைக்கோட சரி. காண்ட்ராக்டுக்கு வந்தவ தங்கப் பாக்கிறான்னு அவனுக்குப் பயம் வந்துரும். ஆறு மாச வேலைக்குப் போனா ஆறு மாசத்தைப் பத்திப் பேசு.”

அவள் சொன்னபடி போனவர்கள் எல்லாம் வேலையோடு திரும்பினார்கள், ஐப்பசி ஒரு மாதத்தில் மட்டும் ஏழு பேர். ஆனால் அவளே போய் உட்கார்ந்தால் காரியம் கெட்டது, ஏனென்றால் நிஜக் கம்பெனியைப் பார்த்ததும் அவள் முகமும் பழக்கதோஷத்தில் கம்பெனி ஆகிவிடும், இரண்டு கம்பெனிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு யார் வேலை கொடுப்பது? “மேடம், நீங்க எங்களை இன்டர்வியூ பண்ற மாதிரி இருக்கு” என்று ஒரு பையன் வாய்விட்டே சொல்லிவிட்டான். மற்றவர்கள் அவ்வளவு நேர்மையாக இல்லை, அனுபவம் அதிகமாக இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள்.

இந்தப் பெண்கள் எல்லாரிலும் ஒருத்தி மட்டும் செண்பகவல்லிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றாள். அவள் ஹெப்சிபா, நாசரேத்துப் பெண், இருபத்துநாலு வயது, அதே அறையில் அடுத்த கட்டில். கெட்ட பிள்ளை என்றால் தேவலையே, வெறுத்துவிட்டுப் போகலாமே, அவளோ அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவள். செண்பகவல்லி நாலு நாள் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அப்போதுதான் தோன்றியதுபோலச் சொல்லுவாள், நடுவில் ஒரு சிரிப்பு வேறு, எதிர்ப்பக்கத்துக்காரன் உருகிவிடுவான். கேமராவில் விழாமல் தன் கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் செண்பகவல்லி, தன் வார்த்தைகள் இன்னொருத்தி வாயில் விலைபோவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பொறாமை, வேறென்ன, நமக்கென்ன பயம், நாம் சொல்லுவோம். ஆனால் அந்த விடுதியில் அந்த வார்த்தையை ஒருத்தியும் சொன்னதில்லை, அது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை நடுவில் மொட்டை மாடியில் இருந்த கீசர் புகைந்து அடங்கிவிட்டது. விடுதியைப் பார்த்துக்கொண்ட ராசாமணியக்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டாள், அவர் நாளைக்கு என்றார், நாளைக்கு நாளன்றைக்கு ஆயிற்று. சிறுவாணித் தண்ணீர் அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று குளித்தவர்களுக்குத் தெரியும், முதல் செம்பு முதுகில் விழுந்ததும் பெற்ற தாயின் பெயர் மறந்துபோகும்.

அப்படி ஒரு காலையில், கீழே குழாயடியில் செண்பகவல்லி செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஹெப்சிபா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

“அக்கா, கிடைச்சிருச்சு! மெயில் வந்திருச்சு! உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடியாந்தேன்.”

அது அவளுக்கு வரிசையாக மூன்றாவது. “சந்தோஷம்ட்டி” என்றாள் செண்பகவல்லி. சொல்லிவிட்டுச் செம்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியேறினாள், முதல் மாடியில் தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று, இரண்டாம் மாடியில் ஆவி வந்தது, மூன்றாம் மாடியில் அறைக் கதவைத் தள்ளும்போது தளதளவென்று கொதித்தது. கொதித்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று அவள் அதில் காப்பித்தூளைப் போட்டுக் குடித்தாள்.

செய்தி பத்து நிமிடத்தில் பரவிவிட்டது. ராசாமணியக்கா மூச்சு வாங்க மேலே வந்து, அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“ஏங்கண்ணு, உன்ற வவுறு அடுப்பாட்டம் கொதிக்குது. வலிக்குதா?”

“வலிக்கல. எரியுது.”

“எரியறது எரியுது, எனக்கு ஒரு வாளி போட்டுக் குடு சாமி. இடுப்பு வலி உசுரை எடுக்குது.”

அவ்வளவுதான், அதற்குமேல் அதைப்பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட நேரம் ஏது, ஒன்பது மணிக்கு எல்லாரும் லாகின் பண்ண வேண்டும். மறுநாளே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது, காலை ஐந்தரையிலிருந்து யார் யாருக்கு எத்தனாவது வாளி என்று. பிளாஸ்டிக் வாளி இளகிவிடுகிறது என்று ராசாமணியக்கா டவுன்ஹால் பக்கம் போய் இரண்டு பித்தளை அண்டா வாங்கிவந்தாள். செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து அண்டாவைக் கட்டிக்கொள்வாள், பெண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், ஆவி எழும்பினதும், “போதும்க்கா, போதும்க்கா, அடுத்து எனக்கு” என்பார்கள். இன்டர்வியூ உள்ளவளுக்கு முன்னுரிமை என்று விதி வந்தது. ஒருத்தி காய்ச்சலில் படுத்தபோது செண்பகவல்லியின் மடியிலேயே ஒரு ஈடு இட்லி வெந்தது. கேமராவில் தெரிகிற பகுதி மட்டும் சுருக்கமில்லாமல் இருந்தால் போதும் என்பதால், காலரையும் துப்பட்டாவையும் கொண்டுவந்து அவள் வயிற்றில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஒருவர் வந்து பார்த்து ரோஸ் கலரில் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார், அது உள்ளே போனதும் கொதித்து ஏப்பமாக வந்தது, அதோடு மருந்தும் நின்றது.

“அக்காவுக்கு உஷ்ண உடம்பு” என்று பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒரு எழுத்து சேர்க்கமாட்டார்கள்.

ஆனால் எதைப் போட்டால் அடுப்பு எரிகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சூடு குறைவாக இருக்கிற காலைகளில் யாராவது ஒருத்தி பக்கத்தில் போய் நின்று, “அக்கா, எனக்கு இன்னும் ஒரு மாசம் நீட்டிச்சிருக்காங்க” என்பாள், இரண்டு வாளிக்கு வரும். பொய்ச்செய்தி சொன்னால் வேலைக்காகாது, சமையல் வீடியோவுக்கு எழுதுகிற தமயந்தி ஒருநாள் அப்படிச் சொல்லிப்பார்த்துப் பச்சைத் தண்ணீரில் குளித்து மூன்று நாள் மூக்கைச் சிந்தினாள். ஹெப்சிபாவின் செய்திதான் பெரிய கட்டை, அவளை ஒரு கிளையன்ட் ‘வெரி குட்’ என்றால்கூடப் பன்னிரண்டு வாளி. அதனால், “அக்காகிட்டப் போய்ச் சொல்லுடி, சந்தோஷப்படுவாங்க” என்று அவளைக் காலையிலேயே தள்ளிவிடுவார்கள், அவளும் அண்டாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முந்தின நாள் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். தான்தான் விறகு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அக்காவுக்குத் தன்மேல் எவ்வளவு பிரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் பம்பு கம்பெனியின் அழைப்பு வந்தது. அவிநாசி ரோட்டில் இருக்கிற ஒரு பழைய கம்பெனி, சோலாரில் ஓடுகிற புது மோட்டார் கொண்டுவருகிறார்கள், அதற்குத் தமிழில் கையேடு எழுத ஆறு மாசக் காண்ட்ராக்ட், நேரில் வரவும். செண்பகவல்லி மெயிலை நாலு தடவை படித்தாள். இது அவளுக்காகவே செய்து வைத்த வேலை, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. தம்பி வீட்டு ஃபேன் கண்ணிலிருந்து மறைந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஹெப்சிபா வந்து சொன்னாள், “அக்கா, எனக்கும் கூப்பிட்டிருக்காங்க! உங்களுக்குப் பத்தரை, எனக்குப் பத்து.”

“உனக்கெதுக்குட்டி மோட்டார்?” என்றாள் செண்பகவல்லி.

“நீங்க எழுதினதையெல்லாம் படிச்சிருக்கேன்ல, பாத்து எழுதிப் பழகி ரெண்டு சாம்பிள் அனுப்பினேன். கையில இருக்கிறது மூணு மாசத்துல முடிஞ்சிரும், இது ஆறு மாசம்லா. ரெண்டு பேரும் சேந்தே போவோம்க்கா, ஜாலியா இருக்கும்.”

அன்றைக்கு இருபத்திரண்டு பேரும் குளித்தார்கள், போர்வைகளை ஊறவைத்துத் துவைத்தார்கள், ராசாமணியக்கா ஒரு படி கொள்ளு வேகவைத்துக்கொண்டாள். செண்பகவல்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. மற்றதெல்லாம் போகட்டும், ஏதோ வீடியோ, ஏதோ பாடப்புத்தகம். மோட்டார் என்னுடையது. அதிலும் கை வைக்க வேண்டுமா இவளுக்கு? இவள் போய்ச் சிரிப்பாள், அவர்கள் உருகுவார்கள், நான் போய் முறைப்பேன், பிறகு கூப்பிடுகிறோம் என்பார்கள். நினைக்க நினைக்க அண்டாவின் விளிம்பில் கொதிநீர் வழிந்தது.

மறுநாள் டீ நேரத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் பம்பு கம்பெனி ஆனாள். ஹெப்சிபா எல்லாக் கேள்விக்கும் அழகாகப் பதில் சொன்னாள். கடைசியில் செண்பகவல்லி, “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்று கேட்டாள்.

“இல்லைங்க சார்.”

“இங்கதான் தப்புப் பண்ணுற” என்றாள் செண்பகவல்லி. குரல் அவளுக்கே நிதானமாகத்தான் கேட்டது. “இவங்க பெங்களூர்க்காரங்க மாதிரி இல்ல. பழைய ஆளுங்க. நீ கேக்கணும். ஆறு மாசம் முடிஞ்சா அப்புறம் என்ன, எனக்கு இங்கயே இருக்கணும்னு ஆசையா இருக்கு, ஏதாவது வழி உண்டான்னு கேளு.”

“அப்புறம்னு கேக்கவே கூடாதுன்னு நீங்கதானேக்கா சொல்லுவீங்க?”

“அது மத்தவங்களுக்கு. உனக்குங்கிறதால சொல்லுதேன். யார்கிட்டயும் சொல்லாத.”

ஹெப்சிபா மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்” என்றாள்.

மறுநாள் விடிந்தால், அண்டாவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. செண்பகவல்லி கட்டிப்பிடித்தாள், இறுக்கிப்பிடித்தாள், ஒன்றும் ஆகவில்லை, அவள் வயிறு வெள்ளரிக்காயாகக் குளிர்ந்திருந்தது, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவள் நன்றாகத் தூங்கியும் இருந்தாள். வரிசையில் நின்றவர்களுக்குக் கைகால் உதறியது. “அக்கா, உடம்புக்கு என்ன?” என்று தமயந்தி நெற்றியைத் தொட்டுப்பார்த்தாள். ஒருத்தி தன் புது கிளையன்டைப் பற்றிச் சொன்னாள், இன்னொருத்தி இன்க்ரிமென்ட் பற்றிச் சொன்னாள், செண்பகவல்லி எல்லாருக்கும், “நல்லா இருங்கட்டி” என்று மனதார வாழ்த்துச் சொன்னாள். ஹெப்சிபாவைத் தள்ளிவிட்டார்கள், அவள் வந்து நாளைக்குப் பம்பு கம்பெனியில் தான் கேட்கப்போவதை நினைத்தால் தைரியமாக இருக்கிறது என்றாள், அதைக் கேட்டதும் தண்ணீர் இன்னும் ஜில்லிட்டது. ராசாமணியக்கா, “போச்சாது போ” என்று சலித்துக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் நாளைக்கு என்றார்.

இன்டர்வியூ நாளில் விடுதியில் யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள், கேட்டால் போகிற காரியம் விளங்காது. “கிளம்பியாச்சா?” என்றார்கள், “ஆச்சு, போயிட்டு வாரோம்” என்று இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். பத்து மணிக்கு ஹெப்சிபா உள்ளே போனாள். கதவு மூடியிருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் உள்ளே பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரிப்பது செண்பகவல்லிக்குக் கேட்டது. கேட்டுவிட்டாள், சிரிக்கிறார்கள், முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். ஹெப்சிபாவை அப்படியே வேறொரு அறைக்கு அழைத்துப்போனார்கள். ஒப்புக்கு ஏதோ ஃபாரத்தை நிரப்பச் சொல்லி அனுப்பிவைக்கப்போகிறார்கள், பாவம் பிள்ளை என்று செண்பகவல்லிக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

அந்த இரக்கத்தோடு உள்ளே போனதால் அவள் முகம் அன்றைக்குக் கம்பெனி ஆகவில்லை. முதலாளி எழுபது வயதுக்காரர், பக்கத்தில் ஒரு மேனேஜர். “தண்ணி இல்லாம மோட்டாரை ஓட்டக் கூடாதுன்னு எழுதணுமுங்க அம்மிணி, எப்படி எழுதுவீங்க?” என்றார் பெரியவர்.

“கூடாதுன்னு எழுதினா யாரும் படிக்கமாட்டாங்க சார். ‘தண்ணி வரலையா? சுவிட்சை அணைச்சிருங்க. பிறகு கிணத்தை எட்டிப் பாருங்க’ன்னு எழுதுவேன்.”

பெரியவர் மேனேஜரைப் பார்த்துத் தலையாட்டினார். இன்னும் பத்துக் கேள்வி, பத்துக்கும் பதில். கடைசியில், “நீங்க ஏதாச்சும் கேக்கோணுங்களா?” என்றார், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

“இல்லைங்க சார்” என்றாள் செண்பகவல்லி.

மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது. ஆறு மாசக் காண்ட்ராக்ட் அவளுக்குத்தான், தை முதல் வாரம் வந்துவிடுங்கள். அவள் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டு, “ஃபேனைக் கழட்டிருங்க” என்று சொல்லிவிட்டு, பேக்கரிக்குப் போய் இருபத்திரண்டு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு ராணி மாதிரி விடுதிக்குள் நுழைந்தாள். பெண்கள் வாழ்த்தினார்கள், பன்னைத் தின்றார்கள், ஆனால் துக்க வீட்டுக் காப்பியைக் குடிக்கிற மாதிரித் தின்றார்கள். இனி யார் வயிற்றை நம்பி மார்கழியைத் தள்ளுவது? “உனக்கு நல்லது நடந்தா நமக்குச் சந்தோசம்தான் கண்ணு” என்றாள் ராசாமணியக்கா, சொல்லும்போதே குளிக்கும் அறைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

ஆறு மணிக்கு ஹெப்சிபா வந்தாள். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவோடு வீடு வீடாகப் போக வேண்டும், குளித்துக் கிளம்ப நேரமாகிவிட்டது, ஆனாலும் அவள் நேரே சாப்பாட்டு அறைக்கு ஓடிவந்து, பன் தட்டோடு நின்ற செண்பகவல்லிக்கு எதிரே மூச்சிரைக்க நின்றாள்.

“அக்கா, பெர்மனென்ட்!”

“என்னது?”

“எனக்கு அங்கயே பெர்மனென்ட் வேலை! நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன்க்கா, ஆறு மாசம் முடிஞ்சா அப்புறம் என்னன்னு. பெரியவர் சிரிச்சிட்டாரு. இத்தனை வருசமா வாரவங்க எல்லாம் முடிச்சுட்டு எப்படா ஓடலாம்னு நிக்கிறாங்க, இருக்கட்டுமான்னு கேட்ட முதல் ஆளு நீதான் அம்மிணின்னாரு. அப்பவே மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நீங்க எழுதித் தாரதை நான்தான் பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம், நம்ம ரெண்டு பேரும் ஒரே ரூம்க்கா!”

செண்பகவல்லியின் கையில் இருந்த தட்டில் கடைசித் தேங்காய் பன் ஓரத்தில் கருகத் தொடங்கியது. முதலில் வாசனை வந்தது, பிறகு புகை. தமயந்திதான் முதலில் பார்த்தாள்.

“வந்திருச்சு! அக்காவுக்குச் சூடு வந்திருச்சு!”

ஆகா, அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். ராசாமணியக்கா சாமியைக் கும்பிட்டாள், மாடியில் கதவுகள் படபடவென்று திறந்தன, பெண்கள் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள், அண்டா வந்தது, தண்ணீர் வந்தது, ஸ்டூல் வந்தது. வேலை கிடைத்தும் சூடு போகவில்லை, இனி ஆறு மாசத்துக்குக் கவலையில்லை என்று ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். ஹெப்சிபாவும் அந்தச் சந்தோஷத்தில் அக்காவை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டாள், “ஐயோ” என்று அலறி விலகினாள். இரண்டு முழங்கைகளின் உட்புறமும் சிவந்துவிட்டன.

“என்னக்கா இப்படிக் கொதிக்குது?” என்று கைகளை ஊதிக்கொண்டே சிரித்தாள். “எனக்குத்தான் முதல் வாளி, லேட்டாயிருச்சு.” அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவள்போலக் கேட்டாள், “நீங்களும் அதைக் கேட்டீங்கதானே? அப்புறம் என்னன்னு?”

செண்பகவல்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இல்ல, பெரியவர் சொன்னாரு, அந்தம்மாவுக்கு நல்ல கை, அவங்களும் கேப்பாங்களான்னு பாத்தேன், கேக்கலையேன்னாரு. இன்னொரு இடம்கூட இருக்காம். நீங்க மறந்துட்டீங்களா? எனக்குச் சொல்லிக்குடுத்ததை நீங்க ஏன்க்கா கேக்கல?”

தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. ஹெப்சிபா அண்டாவைப் பார்த்தாள், ஆவியைப் பார்த்தாள், சிவந்துபோன தன் கைகளைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தியும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பட்டியலைப் படிக்கிற மாதிரி நின்றார்கள். தினமும் காலையில் தன்னை அக்காவிடம் தள்ளிவிட்ட கைகள் அத்தனையும் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

“நீ தோத்துப் போவேன்னுதான் சொல்லிக்குடுத்தேன்” என்றாள் செண்பகவல்லி. “எனக்கு உன்மேல பொறாமைட்டி. முதல் நாள்லருந்து. பொறாமை.”

அந்த வார்த்தை அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக விழுந்தது. யாரோ ஒருத்தி கையில் இருந்த சோப்பு டப்பா தரையில் உருண்டது. சொல்லிவிட்டால் உள்ளே கொஞ்சம் ஆறும் என்று செண்பகவல்லி நினைத்திருந்தாள், ஆறவில்லை, இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

ஹெப்சிபா அழவில்லை. தன் வாளியை எடுத்தாள், அண்டாப் பக்கம் திரும்பாமல் குளிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

செண்பகவல்லி ஒரு வாளி வெந்நீரை மொண்டு எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றாள். “ஹெப்சி, வெந்நீர் கொண்டாந்திருக்கேன். கலந்துக்கோ. நாளெல்லாம் அலைஞ்சிருக்க, காய்ச்சல் வந்துரும்ட்டி.”

உள்ளே முதல் செம்பு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, கூடவே உதட்டைக் கடித்து மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். இரண்டாவது செம்பு. மூன்றாவது. ஒவ்வொரு செம்புக்கும் அந்த மூச்சு. செண்பகவல்லி வாளியோடு நின்றுகொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துத் தமயந்தி தோளில் துண்டோடு பின்னால் வந்து தயங்கினாள்.

“அக்கா, அவளுக்கு வேண்டாம்னா அந்த வாளியை நான் எடுத்துக்கட்டுமா? சும்மா ஆறிப்போகுதே.”

“ஆறாது” என்றாள் செண்பகவல்லி. “எடுத்துக்கோ.”